முதல் ஒளியளவீட்டுக்கு எதைத் தேர்வது: மறைப்பு இரட்டையா, சூடான வியாழனா?

நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் படமெடுத்துச் சலித்துப்போன ஒருவர், தம்மிடமுள்ள 8 அங்குலத் தொலைநோக்கியையும் கேமராவையும் கொண்டு இனி விண்மீன்களின் ஒளியை அளக்கலாம், அதாவது ஒளியளவீடு செய்யலாம் என்று நினைக்கும்போது, பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு நடுவே தடுமாறுகிறார். ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்களில் ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது குறையும் ஒளியை அளப்பது ஒரு வழி. தன் விண்மீனை ஓரிரு நாளில் சுற்றி முடித்துவிடும், வியாழன் அளவுள்ள கொதிக்கும் கோள் ஒன்று அந்த விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது உண்டாகும் மிகச் சிறிய மங்கலை அளப்பது இன்னொரு வழி. முன்னதை மறைப்பு இரட்டை என்றும் பின்னதைச் சூடான வியாழனின் கடப்பு என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் பின்னதையே விரும்புகிறார்கள். வேற்று விண்மீனைச் சுற்றும் கோளை மொட்டை மாடியிலிருந்தே பிடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் உள்ள பெருமை, இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தன என்று சொல்வதில் கிடைக்காதுதான். இருந்தாலும் என் பரிந்துரை வேறு: முதல் சில மாதங்களை மறைப்பு இரட்டைகளுக்கே கொடுங்கள். ஏன் என்பதையும், அந்தப் பரிந்துரை யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

ஒரே வானத்தில் இரண்டு அயலார்

ஒப்பீட்டுக்கு வானமே நல்ல இணை ஒன்றைத் தந்திருக்கிறது. அம்பு விண்மீன்குழுவில் யு சஜிட்டே என்ற மறைப்பு இரட்டை இருக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 10 பாகை தள்ளி, நரி விண்மீன்குழுவில், டம்பெல் நெபுலாவுக்கு மிக அருகில் எச்டி 189733 என்ற விண்மீன் இருக்கிறது. அதைச் சுற்றும் கோள் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் ஒரே பருவத்தில் ஒரே வானப்பகுதியில் தெரிபவை, வெளிச்சத்திலும் பெரிய வேறுபாடு இல்லாதவை. யு சஜிட்டே வழக்கமாக 6.5 பொலிவெண் அளவில் இருக்கும் (பொலிவெண் என்பது விண்மீனின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூட விண்மீன் மங்கலானது). எச்டி 189733 சுமார் 7.7.

ஆனால் மறைப்பு நிகழும்போது இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. 3.38 நாளுக்கு ஒருமுறை யு சஜிட்டேயின் வெளிச்சம் மிகுந்த விண்மீன், மங்கலான பெரிய துணைக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்துவிடுகிறது. அப்போது பொலிவெண் 9.3 வரை இறங்குகிறது. அதாவது, வந்துகொண்டிருந்த ஒளியில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பைனாகுலரில் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த புள்ளி, தேட வேண்டிய புள்ளியாகிவிடும். எச்டி 189733இல் 2.2 நாளுக்கு ஒருமுறை கோள் கடக்கும்போது நூறு பங்கு ஒளி 97.6 பங்காகிறது. பொலிவெண் கணக்கில் இது 0.026. எந்தக் கண்ணாலும் இதை உணர முடியாது. இத்தனைக்கும், சூடான வியாழன்களின் கடப்புகளில் இதுவே ஆழமானவற்றில் ஒன்று.

இந்த வேறுபாட்டின் காரணம் எளிது. கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தைக் கண்டால் கடப்பின் ஆழம் கிடைக்கும். வியாழனின் ஆரம் சூரியனின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே சூரியன் போன்ற விண்மீனுக்கு ஆழம் ஒரு சதவீதம்தான். எச்டி 189733 சூரியனைவிடச் சிறிய விண்மீன் என்பதால்தான் 2.4 சதவீதமாவது கிடைக்கிறது.

பொலிவெண் என்ற இந்த அளவுகோலுக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று 1856இல் வரையறுத்த நார்மன் பாக்சன், 1861இலிருந்து 1891இல் இறக்கும் வரை சென்னை வான்காணகத்தில் பணியாற்றியவர். அங்கே அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி ஒரு மாறும் விண்மீன் என்று 1867இல் கண்டறிந்தார். அது மறைப்பு இரட்டை இல்லை, சுருங்கி விரியும் செம்பெரு விண்மீன். ஆனாலும் இங்கிருந்து வானத்தை அளந்தவர்களின் வரிசை எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது.

இரண்டு துறைகளுமே எளிய கருவிகளால் தொடங்கியவை. பெர்சியஸ் விண்மீன்குழுவின் அல்கோல் விண்மீன் மங்குவதை இத்தாலிய வானியலாளர் மொன்டனாரி 1667இலேயே கவனித்திருந்தார். ஆனால் அது மங்குவதில் ஒழுங்கான கால இடைவெளி இருக்கிறது என்று கண்டவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வாழ்ந்த, காது கேளாத இளைஞரான ஜான் குட்ரிக். 1783இல் அதை அவர் அறிவித்தபோது வயது 18. பெரிய உடலொன்று அல்கோலைச் சுற்றிவந்து மறைக்கிறது என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. அது உண்மையென்று ஜெர்மானிய வானியலாளர் ஃபோகெல் 1889இல் நிறமாலையின் வழியே உறுதிசெய்ய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கடப்பின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. எச்டி 209458இன் கோள் தன் விண்மீனைக் கடப்பதை 1999இல் டேவிட் ஷார்போனோ பதிவுசெய்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால். உங்கள் 8 அங்குலக் கருவியின் விட்டத்தில் அது பாதி.

ஆகவே உங்கள் கருவி போதுமா என்ற கவலை இரண்டு பக்கமும் தேவையற்றது. கேட்க வேண்டியது, உங்கள் பிழைகள் எவ்வளவு பெரியவை என்பதைத்தான்.

பிழைகளின் கணக்கு

கடப்பை அளக்க ஒவ்வொரு படத்திலும் சுமார் 0.3 சதவீதத் துல்லியம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒளித்துகள்களின் எண்ணிக்கையிலேயே இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. பத்தாயிரம் எலக்ட்ரான்கள் சேர்ந்தால் ஒரு சதவீதத் துல்லியமும், ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் சேர்ந்தால் 0.3 சதவீதத் துல்லியமும் கிடைக்கும். கேமராவின் ஒரு பிக்செலில் இத்தனை எலக்ட்ரான்கள் கொள்ளாது என்பதால், நோக்குபவர்கள் குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து, விண்மீனைச் சின்ன வட்டமாகப் பரவவிடுகிறார்கள். அழகான படத்துக்குப் பழகிய கைக்கு இது முதலில் பாவம் செய்வதுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது காற்று. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் 60 வினாடி ஒளி வாங்கினால், உச்சியில் நிற்கும் விண்மீனின் மினுமினுப்பு மட்டும் ஒரு பொலிவெண்ணின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை தரும். அதே விண்மீன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்டால், இது மூன்று மடங்குக்கும் மேலாகிறது. அதனுடன் தூசு, வழிநடத்தும் மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கி விண்மீனோடு நகர்த்தும் பொறியின்) சிறு சறுக்கல், இலக்கோடு ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பக்கத்து விண்மீனின், அதாவது ஒப்பு விண்மீனின், நிறவேறுபாடு ஆகியவற்றையும் சேர்த்தால், 2.4 சதவீதப் பள்ளம் எவ்வளவு எளிதாகத் தூர்ந்துபோகும் என்பது புரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். நான் முதன்முதலில் முயன்ற கடப்பு, ஒரு ஜனவரி இரவில், வாஸ்ப்-12 என்ற 11.7 பொலிவெண் விண்மீனுடையது. கடப்பின் ஆழம் 1.4 சதவீதம், நேரம் சுமார் மூன்று மணி. பதினொரு மணியளவில் விண்மீன் உச்சிக்கோட்டை (வானத்தில் வடக்கையும் தெற்கையும் உச்சி வழியே இணைக்கும் கோட்டை) தாண்டியதும் மவுண்ட் தன் வழக்கப்படி தொலைநோக்கிக் குழாயை மறுபக்கம் திருப்பிக்கொண்டது. நான் மீண்டும் குறிவைத்துப் படங்களைத் தொடர்ந்தேன். திரையில் ஒளிவரை (நேரம் போகப்போக ஒளி மாறுவதைக் காட்டும் கோடு) திடீரென்று ஒரு சதவீதம் மேலேறியது. கோள் வெளியேறிவிட்டது என்று குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிவைத்தேன். கணித்த நேரத்துக்கு 40 நிமிடம் முன்னதாக. ஒரு வாரம் கழித்துச் சரிபார்ப்பு விண்மீனின் (ஒளி மாறாதது என்று தெரிந்து, சோதனைக்காகக் கூடவே அளக்கும் இன்னொரு விண்மீனின்) வரையைப் போட்டுப் பார்த்தால், அதிலும் அதே நிமிடத்தில் அதே ஏற்றம். குழாய் திரும்பியபோது படம் தலைகீழாகி, ஒப்பு விண்மீன் கேமராக் கண்ணாடியிலிருந்த ஒரு தூசியின் நிழல் வளையத்தில் போய் விழுந்திருக்கிறது; ஒப்பு விண்மீன் மங்கியதால் இலக்கு கூடிவிட்டதுபோலத் தெரிந்திருக்கிறது. அன்று மாலை ஃபிளாட் படம் (தூசி நிழல்களைத் திருத்த, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படம்) எடுக்காமல் முந்தைய வாரத்துப் படங்களையே பயன்படுத்தியது என் சோம்பல். அந்தத் தூசி முந்தைய வாரத்தில் அங்கே இல்லை.

இதே தவறு யு சஜிட்டேயை நோக்கிக்கொண்டிருந்தபோது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டே முக்கால் பொலிவெண் சரிவின் நடுவே 0.01 அளவுக்கு ஒரு சிறு படி தெரிந்திருக்கும். அதைப் பார்த்தவுடனே அது கருவியின் குற்றம் என்று எவருக்கும் புரிந்திருக்கும், ஏனெனில் சரிவின் உருவம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியதாகக் கண்முன் நிற்கிறது. என் பரிந்துரையின் முதன்மைக் காரணம் இதுவே. ஆழமான மறைப்பில் உண்மையும் பிழையும் தனித்தனியே தெரிவதால், கற்பவர் தம் குற்றங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிறது; கடப்பிலோ இரண்டும் ஒரே உயரத்தில் கலந்து நிற்பதால், தவறு செய்தோம் என்பதே சில சமயம் தெரியாமல் போகிறது, அல்லது என்னைப் போலத் தவறையே கண்டுபிடிப்பாக எழுதிவைக்க நேர்கிறது.

நேரத்தை அளக்கும் துல்லியத்திலும் இதே கணக்குதான். ஆர்இசட் காசியோபியே என்ற மறைப்பு இரட்டை, இரண்டரை மணி நேரத்துக்குள் 6.2இலிருந்து 7.7க்கு இறங்கிவிடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 0.01 பொலிவெண். உங்கள் அளவீட்டில் 0.01 பிழை இருந்தாலும் ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம்தான் தவறும். இறக்கத்திலும் ஏற்றத்திலுமாக நூறு புள்ளிகள் கிடைத்தால், நடு நேரம் சில வினாடிகளுக்குள் வந்துவிடும். எச்டி 189733இல் கோளின் முழு உருவமும் விண்மீனுக்குள் நுழைய ஏறத்தாழ 25 நிமிடம் பிடிக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 0.001 பொலிவெண், இங்கே 0.003 துல்லியத்தில் அளந்தாலும் ஒரு புள்ளிக்கு மூன்று நிமிடம் தவறும். கூடுதல் உழைப்புக்குக் குறைந்த துல்லியம்.

பிரபலமானவை என்பதாலேயே எச்டி 189733, எச்டி 209458 ஆகிய இரண்டையும் முதல் கடப்பாகத் தேர்ந்துகொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இவை வெளிச்சம் மிகுந்தவை என்பதே இவற்றின் குறை. சிறிய கேமராவின் பார்வைப் பரப்பில் 7.7 அளவுள்ள இலக்குக்கு நிகரான ஒப்பு விண்மீன் கிடைப்பது அரிது. கிடைக்கும் 10ஆம் பொலிவெண் விண்மீனை வைத்து ஒப்பிட்டால், அதன் நடுக்கம்தான் உங்கள் துல்லியத்தைத் தீர்மானிக்கும். 11, 12 பொலிவெண் இலக்குகளுக்குப் பக்கத்தில் நல்ல ஒப்பு விண்மீன்கள் நான்கைந்தாவது இருக்கும். கடப்பைப் பொறுத்தவரை 8 அங்குலக் கருவிக்கு மங்கலானதே எளியது என்பது முதலில் நம்ப முடியாமல் இருந்தாலும் உண்மை.

இரவும் இடமும்

கடப்புக்கு உள்ள பெரிய வசதி அதன் சுருக்கம். வாஸ்ப்-43இன் கோள் கடந்து முடிய ஒரு மணி பத்து நிமிடம்தான். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அடிப்படை ஒளியை அளந்தாலும் மூன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மறுநாள் அலுவலகம் போக வேண்டியவருக்கு இது சாதாரண விஷயமில்லை. அல்கோலின் மறைப்போ தொடக்கத்திலிருந்து முடிவுவரை சுமார் பத்து மணி நேரம் நீள்கிறது. அதை ஒரே இரவில் முழுமையாகப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒரே இரவில் முழு வரைவைக் காண விரும்புபவர்கள் டபிள்யூ உர்சே மேஜோரிஸ் வகையை நாட வேண்டும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றும் அந்த இணை எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்து, அதற்குள் இரண்டு பள்ளங்களையும் காட்டிவிடுகிறது.

எப்போது நோக்கலாம் என்பதைச் சுற்றுக்காலம்தான் தீர்மானிக்கிறது. அதைக் கையால் கணக்கிட்டுப் பழகுவது நல்லது. அல்கோலின் சுற்று 2 நாள் 20 மணி 49 நிமிடம் என்பதால், அதன் மிகுமங்கல் மூன்று இரவுகளுக்கு ஒருமுறை 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும். இன்று பின்னிரவு 2 மணிக்கு நிகழ்ந்தால், மூன்று இரவு கழித்து 10.49க்கும், அடுத்த மூன்று இரவு கழித்து 7.38க்கும் நிகழும், அதன்பின் பகலுக்குள் போய்விடும். எச்டி 209458இன் கடப்பு ஒரு வாரத்துக்கு 71 நிமிடம் பிந்துகிறது. ஆகவே அது சில வாரங்களுக்கு ஒரே கிழமையில் வந்துகொண்டிருக்கும். வாஸ்ப்-12 பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டே நிமிட வேறுபாட்டில் அதே நேரத்துக்குத் திரும்புகிறது, ஒரு பருவம் முழுவதும் ஒரே மணியில் அதை நோக்கலாம். 

தமிழ்நாட்டில் இருந்து நோக்குபவர் இதோடு மழையையும் அகலாங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். யு சஜிட்டேயும் எச்டி 189733உம் நள்ளிரவில் உச்சிக்கு வரும் ஜூலையில் தென்மேற்குப் பருவமேகங்கள் வானத்தை மூடுகின்றன. அவை மாலையில் உயரத்தில் நிற்கும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கே நம்பத்தக்க காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். வடநாடுகளில் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கப்படும் யு செஃபை என்ற மறைப்பு இரட்டை, 11 பாகை வட அகலாங்கிலிருந்து பார்த்தால் 19 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. மேலே சொன்ன ஆர்இசட் காசியோபியேகூட அதிகபட்சம் 31 பாகைதான். அதற்கு மாற்றாக, சிரியசுக்குக் கிழக்கே எட்டுப் பாகை தள்ளியிருக்கும் ஆர் கேனிஸ் மேஜோரிஸ் 63 பாகை உயரத்துக்கு வருகிறது, 1.136 நாளுக்கு ஒருமுறை 5.7இலிருந்து 6.3க்கு இறங்கி ஏறுகிறது. துலாம் விண்மீன்குழுவிலுள்ள டெல்டா லிப்ரே 70 பாகை ஏறுகிறது, 2.33 நாளுக்கு ஒருமுறை ஒரு பொலிவெண் மங்குகிறது. கடப்புகளில் வாஸ்ப்-43 இந்தப் பருவத்துக்கு என்றே அமைந்தது: பிப்ரவரி, மார்ச்சில் நள்ளிரவுக்கு முன்பின் உச்சியை அடைகிறது, 2.5 சதவீத ஆழம், 19.5 மணி நேரச் சுற்று. பதின்மூன்று நாளுக்கு ஒருமுறை 22 நிமிடம் பிந்தி அதே வேளைக்கு வருகிறது.

கருவியைப் பொறுத்தவரை நீண்ட விவாதம் தேவையில்லை. கடப்புக்கு வழிநடத்தும் மவுண்டும் முடிந்தால் குளிரூட்டப்பட்ட கேமராவும் வேண்டும். மறைப்பு இரட்டைக்கு முக்காலியில் நிறுத்திய டிஎஸ்எல்ஆர் போதும். அல்கோலுக்கு அதுவும் வேண்டாம். ஜனவரி மாலையில் ஆந்திரோமெடாவின் அல்மாக் 2.1, பெர்சியசின் எப்சிலான் 2.9, கப்பா 3.8 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அல்கோல் இவற்றில் எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று கால் மணிக்கு ஒருமுறை குறித்துவந்தால், வெறுங்கண்ணாலேயே ஒளிவரை கிடைத்துவிடும். எட்டு மணிக்கு அல்மாக்கோடு போட்டிபோட்டுக்கொண்டிருந்த விண்மீன் நள்ளிரவில் கப்பாவின் பக்கம் சாய்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவருக்கு, ஒளியளவியல் என்றால் என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளவீடு யாருக்குப் பயன்படும்

இரண்டு வகை அளவீடுகளுக்கும் இன்று தேவை இருக்கிறது. மறைப்பு நேரங்களை 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம் பெற்றுக்கொள்கிறது. கடப்பு நேரங்களை நாசாவின் எக்ஸோபிளானெட் வாட்ச் திட்டமும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் என்ற விண்வெளித் தொலைநோக்கித் திட்டத்துக்கான எக்ஸோகிளாக் குழுவும் ஆர்வலர்களிடமிருந்து சேகரிக்கின்றன. கோளின் சுற்றுக்காலத்தில் உள்ள மிகச் சிறிய பிழை ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போவதால், சில ஆண்டுகளில் கணிப்பு பல நிமிடங்கள் தவறிவிடும். விலைமதிப்பற்ற விண்வெளித் தொலைநோக்கி நேரத்தைத் தவறான நிமிடத்தில் செலவிடாதிருக்க, புதிய கடப்பு நேரங்கள் வேண்டியிருக்கின்றன.

ஆனால் உங்கள் கையிலுள்ள கருவியால், உங்கள் வாழ்நாளில், ஒரு மாற்றத்தை நீங்களே காண முடியுமா என்று கேட்டால் இரட்டைகளே முந்துகின்றன. வாஸ்ப்-12இன் கோள் மெல்ல விண்மீனை நோக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறது. அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மில்லிவினாடி குறைகிறது. இந்தக் குறைவு சேர்ந்து சேர்ந்து பத்தாண்டில் கடப்பை எட்டு நிமிடம் முன்னுக்குத் தள்ளும். வியப்பூட்டும் செய்திதான். ஆனால் யாழ் விண்மீன்குழுவின் பீட்டா லைரேயில் ஒரு விண்மீனிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் கொட்டிக்கொண்டிருப்பதால், 12.9 நாள் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 19 வினாடி நீள்கிறது. அதையே பத்தாண்டு கூட்டிப் பார்த்தால் மறைப்பு ஏழு மணி நேரத்துக்கு மேல் பிந்திவிடும். முன்னதற்கு மிகக் கவனமான ஒளியளவீடு வேண்டும். பின்னதற்குக் குறிப்பேடும் பொறுமையும் போதும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு திருத்தத்தை இங்கே வலியுறுத்த வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஒரு விண்மீனின் ஒளி நம்மை வந்தடையும் நேரம் ஆண்டின் காலத்தைப் பொறுத்து எட்டு நிமிடத்துக்கு மேல் முந்தியோ பிந்தியோ போகலாம். நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றாமல் அப்படியே பதிந்தால், ஓராண்டுக்கு ஒருமுறை அலைபோல ஏறி இறங்கும் பொய்யான மாற்றம் ஒன்று உங்கள் வரைபடத்தில் தோன்றும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க மறந்து அனுப்பிய தரவைத் திருத்துவது எளிது. மேற்சொன்ன திருத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்று குறிக்கப்படாத தரவை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு துறைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. கோள்களின் கடப்புகளைத் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்செல் வானத்தில் 21 வினாடிக்கோண அகலத்தை மூடுகிறது (ஒரு வினாடிக்கோணம் என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). அந்தப் பரப்புக்குள் உங்கள் இலக்கைவிட நான்கு பொலிவெண் மங்கலான மறைப்பு இரட்டை ஒன்று ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளி இலக்கின் ஒளியில் நாற்பதில் ஒரு பங்கு. மறைப்பில் அந்த இரட்டை பாதியாக மங்கினால், மொத்த ஒளியில் ஒரு சதவீதத்தைச் சற்று மிஞ்சும் பள்ளம் விழும். அதாவது அச்சு அசலாக ஒரு சூடான வியாழன். உங்கள் மாடியில் நிற்கும் தொலைநோக்கியோ சில வினாடிக்கோண அளவுக்குப் பிரித்துக் காட்டும். ஆகவே எந்தப் புள்ளி மங்குகிறது என்பதைப் பத்து வினாடிக்கோண இடைவெளியில்கூட உங்களால் சொல்லிவிட முடியும். கோளை உறுதிசெய்யும் பணியில் பாதி, மறைப்பு இரட்டையை இனம்கண்டு விலக்குவதாகவே இருக்கிறது. இரட்டைகளின் ஒளிவரையை நூறு முறை பார்த்த கண்ணுக்கு, ஆங்கில வி எழுத்துப்போலக் கூராக இறங்கும் பள்ளத்தைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டும்.

யாருக்கு எது

மவுண்ட் இல்லாமல் டிஎஸ்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவருக்கு, அல்லது ஒளியளவீட்டை இதுவரை செய்தே பார்க்காதவருக்கு, மறைப்பு இரட்டையைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியரும் இதையே எடுக்கலாம். அல்கோலை மாணவர்கள் தாங்களே மதிப்பிடலாம், ஆசிரியரின் கணினித் திரையை நம்ப வேண்டியதில்லை.

விண்படவியலில் சில ஆண்டுகள் பழகி, டார்க் (மூடியிட்டு எடுக்கும் இருள் படம்), ஃபிளாட் படங்களை ஒழுங்காக எடுப்பவர், வழிநடத்தலில் இரவு முழுவதும் சில பிக்செல்களுக்கு மேல் விலகாத மவுண்ட் வைத்திருப்பவர், ஆனால் மாதத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் ஒதுக்க முடியாதவர், நேராகக் கடப்புக்கே போகலாம். அவருக்கு என் பரிந்துரை பொருந்தாது. ஓர் இரவின் மூன்றேகால் மணி நேரத்தில் முழுமையான, பயன்படும் அளவீடு ஒன்றைக் கடப்பு தருகிறது. அப்போதும் ஆழம் இரண்டு சதவீதத்துக்குக் குறையாத, 11 முதல் 12.5 பொலிவெண் வரையுள்ள இலக்காகப் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும். வாஸ்ப்-12இல் நான் தொடங்கியதுபோல 1.4 சதவீதத்தில் தொடங்க வேண்டாம்.

நகரின் நடுவே தெருவிளக்குக்கு அடியில் இருப்பவரின் நிலை வேறு. வானத்தின் வெளிச்சம் 12ஆம் பொலிவெண் விண்மீனின் துல்லியத்தை வெகுவாகக் கெடுத்துவிடும். 6ஆம் பொலிவெண் மறைப்பு இரட்டைக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

இடைப்பட்டவர்களுக்கு, அதாவது கருவி ஓரளவு இருந்தும் அனுபவம் குறைந்தவர்களுக்கு, ஒரு பருவத்துக்கான திட்டமாக நான் சொல்வது இது. ஜனவரியில் அல்கோலை வெறுங்கண்ணால் இரண்டு முறை மதிப்பிட்டுப் பாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து, 8 அங்குலக் குழாயை ஒதுக்கிவைத்துவிட்டு, டிஎஸ்எல்ஆரில் சாதாரண லென்சைப் பொருத்தி, குவியத்தைக் கலைத்து, ஆர் கேனிஸ் மேஜோரிசின் மறைப்பு நேரத்தைப் பிடியுங்கள், 5.7 பொலிவெண் விண்மீன் பெரிய குழாயில் கேமராவை நிறைத்து வழியவைத்துவிடும் என்பதால் இங்கே சிறியதே வசதி. இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை 13 நிமிடம் முந்தி அதே நேரத்துக்கு அது திரும்பும். ஆகவே பிப்ரவரி கடைசியில் இரண்டாவது முறை அளந்து, இரண்டு நேரங்களுக்கும் இடையே சரியாக 22 சுற்றுகள் நிற்கின்றனவா என்று சரிபாருங்கள். கணித்த நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு முறையும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஒத்துவந்தால், மார்ச்சில் குழாயை எடுத்து வாஸ்ப்-43க்குத் திருப்பலாம். கடப்பு நேரத்துக்குள் விண்மீன் உச்சிக்கோட்டைத் தாண்டாத இரவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அன்று மாலையே ஃபிளாட் படங்களை எடுத்துவிடுங்கள்.